பெரும்பாடு: ரத்தத்தை அளந்தவர்களின் கதை

போன வார எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் வந்த 'ம்ம்', 'அதாவது' எல்லாத்தையும் எடுத்துட்டேன், மீதி அப்படியே இருக்கு.

"லீவு வாங்குறதுக்குள்ள பெரும்பாடா போச்சு." ஆபீஸ்ல தினமும் யாராவது ஒருத்தர் சொல்ற வசனம். பெரும்பாடுன்னா பெரிய கஷ்டம், படாத பாடு. ஆனா இந்த வார்த்தைக்கு ஒரு மருத்துவப் பொருளும் இருக்கு. சித்த மருத்துவத்தில் பெரும்பாடு என்றால் மாதவிடாயின்போது அளவுக்கு மீறி ரத்தம் போவது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனிலும் அந்தப் பொருள் உண்டு. தமிழ் பைபிளில் பன்னிரண்டு வருஷம் ரத்தப்போக்கோடு வாழ்ந்து, வைத்தியர்களிடம் சொத்தையெல்லாம் செலவழித்து, கடைசியில் கூட்டத்துக்குள்ளே புகுந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிற பெண் வருவாளே, அவளுக்கு இருந்த நோய்க்கும் பைபிள் சொல்லும் பெயர் இதுதான். (தமிழில் புதிய ஏற்பாடு முதலில் அச்சானது 1715இல், எங்க காரைக்காலுக்குப் பக்கத்து ஊரான தரங்கம்பாடியில். எங்க ஊர்ப் பெருமையைச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைச்சா விட மாட்டேன்.)

அதாவது இந்தப் பிரச்சினைக்குத் தமிழில் தனியாக ஒரு பெயர் இருந்தது. சாதாரண மாதவிடாய் வேற, பெரும்பாடு வேறன்னு பிரிச்சுப் பார்க்கிற பார்வை இருந்தது. இன்னைக்கு அந்த வார்த்தை லீவு லெட்டருக்கும் டிராஃபிக்குக்கும் போயிடுச்சு. அந்த இடத்தில் இப்போ இருக்கிறது "எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும்" என்கிற ஒரு வாக்கியம். ஒரு பதின்மூணு வயசுப் பொண்ணுக்கு அது ரொம்ப ஆபத்தான வாக்கியம். ஏன்னு சொல்றேன்.

ஒரு பையன் ஏன் இதைப் பேசுறான்னு கேட்பீங்க. நான் தாய்மாமன். அக்கா பொண்ணு வயசுக்கு வந்தப்போ சீர்வரிசைத் தட்டு தூக்கினவன். தெருமுனையில் பாப்பா படம் போட்ட ஃபிளெக்ஸ் பேனர் வெச்சாங்க, அதில் என் போட்டோவும் இருந்தது. ஊருக்கே தெரியும். அதே ஊரில் மெடிக்கல்ல பேடு வாங்கினா பேப்பர் சுத்தி, அதுக்கு மேல கறுப்பு கவர் போட்டுத்தான் தருவாங்க. இந்த ரெண்டும் ஒரே தெருவில் எப்படி நடக்குதுன்னு எனக்கு இன்னும் புரியல.

பாப்பா நல்லா கோ-கோ ஆடுவா. போட்டிக்குப் பாண்டிக்குப் போகணும். காரைக்காலைப் பத்தித் தெரியாதவங்களுக்கு: 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1 வரைக்கும் அவங்க கையில் இருந்த ஊர். அவங்க போட்டுட்டுப் போன எல்லையால் நாங்க புதுச்சேரி அரசின் கீழ். ஆனா சுற்றிலும் தமிழ்நாடு. எங்க தலைநகரத்துக்குப் போகணும்னா நண்டலாறு செக்போஸ்ட்டைத் தாண்டி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று இன்னொரு மாநிலத்துக்குள்ளே சுமார் 130 கிலோமீட்டர் பஸ்ஸில் போகணும். வேற ஊர்ப் பிள்ளைக்குப் பக்கத்து மைதானத்தில் முடியுற விஷயம் எங்க ஊர்ப் பிள்ளைக்கு ஒரு நாள் பயணம். அக்கா போன்ல கேட்டது இதுதான்: "டேய், அவளுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனையுது. அந்த பஸ்ல அவளை எப்படிடா அனுப்புறது?"

நான் சாஃப்ட்வேர் ஆளு. கேள்வி வந்தா முதலில் அதோட வரலாற்றைத் தோண்டுவேன். தோண்டினதில் கிடைச்சதுதான் இந்த எபிசோடு.

முதலில் பாட்டி காலம். என் பாட்டி 'மாதவிடாய்'னு ஒருநாளும் சொன்னதில்லை. 'தூரம்' என்பாங்க. "அவ தூரம்", "வீட்டுக்குத் தூரம்." கொல்லைப்புறத் தாழ்வாரம், தனிப் பாய், தனி டம்ளர். பழைய வேட்டியையோ புடவையையோ கிழிச்சு மடிச்ச துணி. அதைத் துவைச்சு, வெயில் படாத இடத்தில், யார் கண்ணிலும் படாம காயப்போடணும். இந்த ஏற்பாட்டில் ஒண்ணு கவனிங்க. அங்கே பெரும்பாடு உள்ள பொண்ணுக்கும் இல்லாத பொண்ணுக்கும் வித்தியாசமே தெரியாது. ரெண்டு பேரும் எங்கேயும் போகப் போறதில்லை. ரத்தம் எவ்வளவு போகுதுன்னு யாரும் எண்ண வேண்டிய அவசியமும் இல்லை. பொண்ணு பள்ளிக்கூட பஸ் ஏற ஆரம்பிச்ச பிறகுதான் இது வெளியே தெரியுற பிரச்சினையாச்சு.

கடையில் விற்கிற பேடு எங்கிருந்து வந்தது? முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டுப்போட மரக்கூழிலிருந்து செஞ்ச ஒரு பஞ்சு. பருத்தியைவிட நல்லா உறிஞ்சும். போர்முனையில் இருந்த அமெரிக்க நர்ஸுகள் அதைத் தங்களுக்கும் பயன்படுத்திக்கிட்டாங்க. போர் முடிஞ்சதும் கிம்பர்லி-கிளார்க் கம்பெனி 1920இல் அதையே 'கோட்டெக்ஸ்' என்று விற்க ஆரம்பிச்சது. அப்புறம் பெல்ட், அப்புறம் ஒட்டுற பேடு, அப்புறம் டிவி விளம்பரத்தில் நீலத் தண்ணி. நூறு வருஷமா விற்கப்பட்டது பெரும்பாலும் ஒரே வாக்குறுதிதான்: யாருக்கும் தெரியாது. எவ்வளவு தாங்கும் என்கிற கேள்விக்குப் பதில் அந்த நீலத் தண்ணிதான்.

இங்கேதான் நம்ம கோயம்புத்தூர் முருகானந்தம் வர்றார். கதை உங்களுக்குத் தெரியும், 'பேட்மேன்' படம் பார்த்திருப்பீங்க. 1998இல் கல்யாணம், மனைவி கந்தல் துணியை மறைச்சு எடுத்துட்டுப் போறதைப் பார்த்தது, மலிவான பேடு செய்ய இறங்கினது, ஊர் ஒதுக்கினது, மனைவியே கொஞ்ச காலம் விட்டுட்டுப் போனது. 2006இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பரிசு, 2016இல் பத்மஸ்ரீ. படத்தில் எல்லாரும் சிரிக்கிற ஒரு காட்சி, எனக்கு மட்டும் சிரிப்பு வரல. ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி, உடம்பில் கட்டிக்கிட்டு, சைக்கிள் ஓட்டி, நடந்து, பேடு தாங்குதான்னு அவர் நிஜமாவே பார்த்தார். என்னைப் பொறுத்தவரை அது ஒழுங்கான டெஸ்டிங். நிஜ இன்புட்டுக்கு நெருங்கின இன்புட், நிஜ அசைவு, நிஜ நேரம்.

இதோட அருமை 2023இல்தான் எனக்குப் புரிஞ்சது. அந்த வருஷம் அமெரிக்காவில் ஆரகன் மாநிலத்து ஆய்வாளர்கள் கடையில் கிடைக்கும் 21 வகைப் பொருட்களை, ரத்த வங்கியில் காலாவதியான ரத்த அணுக்களை ஊற்றிச் சோதிச்சாங்க. அதுவரைக்கும் இந்தத் துறையில் வழக்கமாகச் சோதித்தது உப்புத் தண்ணியையும் வெறும் தண்ணியையும் வெச்சு. ரத்தம் தண்ணியைவிடக் கெட்டி, அதனால் அட்டையில் போட்டிருக்கிற அளவுக்கும் உண்மைக்கும் பொருந்தல. பேடு, டாம்பான், கப் எல்லாம் சுமார் 20இலிருந்து 50 மில்லி. இன்ஸ்டாகிராமில் நமக்கு விடாம விளம்பரம் வருமே பீரியட் பேன்ட்டீஸ், அது சராசரியா 2 மில்லி. ரெண்டே ரெண்டு. கூடுதல் பாதுகாப்புக்குப் போட்டுக்கலாம். அதை மட்டும் நம்பிப் பெரும்பாடு இருக்கிற பிள்ளையை பஸ் ஏத்தக் கூடாது.

சரி, அரசாங்கம் என்ன செஞ்சது? தமிழ்நாடு இதில் முன்னோடி, சந்தேகமே இல்லை. 2012 மார்ச்சில் தொடங்கின 'புது யுகம்' திட்டம், 10 முதல் 19 வயசுள்ள கிராமப்புறப் பெண் பிள்ளைகளுக்கு இலவச நாப்கின். பள்ளிக்கூடத்திலேயே கையில் கொடுத்தது எத்தனை பிள்ளைகளை வகுப்பில் உட்கார வெச்சிருக்கும்னு யோசிங்க. ஆனா கணக்கைப் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு மூணு பாக்கெட், ஒரு பாக்கெட்டில் ஆறு. மொத்தம் 18, ஒரு மாதவிடாய்க்கு ஒன்பது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு நனையுற பிள்ளைக்கு ஒன்பது பேடு 18 மணி நேரம் வரும். ஒரு முழு நாள்கூட இல்லை. நான் திட்டத்தைக் குறை சொல்லல, எல்லாருக்கும்னு போடுற திட்டம் சராசரிக்குத்தான் போட முடியும். சராசரிக்கு வெளியே இருக்கிற பிள்ளை யாருன்னு கண்டுபிடிக்கிற வேலை அந்தத் திட்டத்தில் இல்லை, அவ்வளவுதான். போதாததுக்கு அது தமிழ்நாடு அரசின் திட்டம், நண்டலாறோட நின்னுடும்.

கண்டுபிடிக்கிற வேலையை முதலில் ஒழுங்கா செஞ்சது ஸ்வீடன். 1960களில் கோத்தன்பர்க் நகரத்தில் லைஃப் ஹால்பெர்க்கும் அவரோட குழுவும் 15 வயசிலிருந்து 50 வயசு வரைக்கும் 476 பெண்கள்கிட்ட பயன்படுத்தின பேடுகளை வாங்கினாங்க. அதைக் காரக் கரைசலில் ஊறவெச்சு, கரைஞ்ச ரத்தத்தோட நிறத்தை அளந்து, எத்தனை மில்லின்னு கணக்குப் போட்டாங்க. 1966இல் முடிவு வந்தது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல போனா உடம்பில் இரும்புச்சத்து குறையத் தொடங்குது. வாந்தி வர்ற வேலைன்னு நினைப்பீங்க. ஆனா 'எல்லாருக்கும் அப்படித்தான்' என்கிற வாக்கியத்துக்கு எதிராக ஒரு எண் கிடைச்சது அப்போதான்.

எல்லா வீட்டிலும் ரசாயனம் வெச்சு அளக்க முடியாதே. 1990இல் பிரிட்டனில் ஹைகம், ஓ'பிரையன், ஷா மூணு பேரும் ஒரு படக் கணக்கு போட்டாங்க. லேசா கறைபட்ட பேடுக்கு 1 மார்க், நடுத்தரத்துக்கு 5, முழுசா நனைஞ்சதுக்கு 20. ரத்தக் கட்டி விழுந்தா அதுக்குத் தனி மார்க். மொத்தம் நூறைத் தாண்டினா 80 மில்லியைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதை நான் ஒரு ஷீட்டில் போட்டு அக்காவுக்கு அனுப்பினேன். பாப்பா தானே நிரப்பினா, அம்மா நிரப்பல. அவ டோட்டல் ரெண்டாவது நாளே நூறைத் தாண்டிருச்சு. இது நோயைக் கண்டுபிடிக்கிற கருவி இல்லை. டாக்டர் முன்னாடி "நிறைய போகுது டாக்டர்"னு சொல்றதுக்குப் பதிலா ஒரு தாளை நீட்ட உதவும். 2007இல் பிரிட்டிஷ் வழிகாட்டுதல் மில்லி கணக்கையே பின்னுக்குத் தள்ளிடுச்சு. ஒரு பெண்ணோட அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிற அளவுக்குப் போனாலே அது அதிகம்தான் என்று வரையறுத்தாங்க. ஒரு பிள்ளை விளையாட்டை விட்டுட்டா அதுவே போதுமான காரணம்.

இப்போ ஏன் ஆபத்துன்னு சொன்னேனோ அங்கே வர்றேன்.

பின்லாந்துக்குப் பக்கத்தில் ஓலந்து தீவுகள். அதில் ஃபெக்லோ என்கிற சின்ன ஊர். 1924இல் அங்கிருந்து ஐந்து வயசுக் குழந்தை ஒண்ணை ஹெல்சின்கிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. பேரு யோர்டிஸ். மூக்கில், ஈறில், சின்னக் காயத்தில் எல்லாம் ரத்தம் நிக்கவே நிக்காது. அவளோட சகோதரிகளில் சிலர் ஏற்கெனவே ரத்தம் போயே இறந்திருந்தாங்க. பார்த்த டாக்டர் எரிக் ஃபோன் வில்லிப்ராண்ட். அந்தக் காலத்தில் தெரிஞ்ச ரத்தப்போக்கு நோய் ஹீமோபீலியா, அது பெரும்பாலும் ஆண்களுக்கு வரும். இந்தக் குடும்பத்தில் பெண்களுக்கும் இருந்தது. அவர் குடும்ப மரத்தையே வரைஞ்சு 1926இல் இது வேற நோய்னு எழுதினார். இன்னைக்கு அந்த நோய்க்கு அவர் பேர்தான், வான் வில்லிப்ராண்ட் நோய். யோர்டிஸ் பதிமூணு வயசு வரைக்கும் பிழைச்சிருந்தா. பருவமடைஞ்சு நாலாவது மாதவிடாயில் ரத்தம் போயே இறந்துட்டா.

நான் அந்த வரியைப் படிச்சப்போ ராத்திரி ஒரு மணி. பாப்பாவுக்கும் பதிமூணு.

பயமுறுத்துறதுக்காகச் சொல்லல. வயசுக்கு வந்த முதல் ஓரிரு வருஷம் நிறைய பிள்ளைகளுக்கு ரத்தப்போக்கு தாறுமாறாத்தான் இருக்கும். கருமுட்டை மாசாமாசம் ஒழுங்கா வெளிவரத் தொடங்காததால் வர்றது, பெரும்பாலும் தானே சரியாகும். ஆனா அந்தக் கூட்டத்துக்குள்ளே ரத்தம் உறையுறதில் குறை உள்ள சில பிள்ளைகளும் இருப்பாங்க. அவங்களை வெளியே காட்டுற முதல் அடையாளம் பல சமயம் இந்த மாதவிடாய்தான். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2006லேயே சொல்லிடுச்சு, வளரும் பிள்ளைகளுக்கு மாதவிடாயை நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் மாதிரி ஒரு உடல்நல அறிகுறியா கேளுங்கன்னு. நம்ம ஊருக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இந்த நோயின் தீவிரமான வகை, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் குறை வந்தாத்தான் வெளிப்படும். அதனால் சொந்தத்துக்குள்ளே கல்யாணம் நடக்கிற சமூகங்களில் அதிகம் தெரியும். அத்தை மகன், மாமன் மகள்னு கட்டிக்கொடுத்த குடும்பம் நம்மில் எத்தனை? டாக்டர் "குடும்பத்தில் யாருக்காவது பல் புடுங்கினப்போ, பிரசவத்தப்போ ரத்தம் நிக்காம போயிருக்கா"ன்னு கேட்டா, பாட்டிகிட்ட கேட்டுட்டு வந்து பதில் சொல்லுங்க. பாட்டிகளுக்குத்தான் தெரியும். யாரும் அவங்ககிட்ட கேட்டதில்லை.

மருந்துக் கதை ஜப்பானில். உட்டாகோ ஒகமோட்டோ, 1918இல் பிறந்தவர். போர் முடிஞ்சு கையில் காசில்லாத காலத்தில், டோக்கியோ கெய்யோ பல்கலைக்கழகத்தில் கணவர் ஷோசுகேயோட ஆராய்ச்சி. ரத்தத்தை ஆராய்ச்சிக்கு எடுத்ததுக்கு அவர் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது: பொருள் பத்தலைன்னா எங்க ரத்தத்தையே எடுத்துக்கலாமே. குழந்தையைப் பார்த்துக்க ஆள் இல்லாம, மகளை முதுகில் கட்டிக்கிட்டு லேபில் வேலை பார்த்தார். உடம்பு ரத்தத்தை உறைய வைக்கும், அப்புறம் அந்த உறைஞ்சதைக் கரைக்கவும் செய்யும். அந்தக் கரைப்பைத் தடுக்கிற பொருளைத்தான் அவங்க தேடினாங்க. 1962இல் வெளியிட்டது டிரானெக்ஸாமிக் அமிலம். பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கில் பெண்கள் சாகக் கூடாது என்பது அவர் எண்ணம். அதைச் சோதிச்சுப் பார்க்க மகப்பேறு மருத்துவர்களைச் சம்மதிக்க வைக்கவே அவரால் முடியல. கடைசியில் 21 நாடுகளில் 20,000 பெண்களை வெச்சு நடந்த ஆய்வு, அது உயிரைக் காப்பாத்துதுன்னு 2017இல் சொன்னது. அவர் 2016இலேயே இறந்துட்டார்.

அதே மருந்துதான் இன்னைக்கு நம்ம மெடிக்கல்ல மாத்திரை அட்டையா கிடைக்குது, பெரும்பாட்டுக்கும் எழுதித் தர்றாங்க. ஹார்மோன் கிடையாது. ரத்தம் அதிகம் போற அந்தச் சில நாள் மட்டும் எடுத்துக்கிட்டாப் போதும். போக்கை மூணில் ஒரு பங்குக்கு மேல குறைக்கும்னு ஆய்வுகள் இருக்கு. ஆனா டாக்டர் எழுதித் தராம, பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கன்னு வாங்கித் தராதீங்க. ரத்தக்குழாயில் கட்டி வந்த வரலாறு இருக்கிறவங்களுக்கு அது ஆகாது.

அப்போ அக்கா கேட்ட கேள்வி? எங்க வீட்டில் முடிவானதைச் சொல்றேன், உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க. போட்டிக்கு முன்னாடியே, சும்மா இருக்கிற வாரத்தில், ஷீட்டோட டாக்டர்கிட்ட போறது. பேடு கணக்கைப் பாக்கெட்டில் வெச்சுப் போடாம மணிக்கணக்கில் போடுறது: நாலு மணி நேரப் பயணம், ரெண்டு மணி நேர ஆட்டம், திரும்பி வர நாலு, மொத்தம் பத்து மணி நேரம், அதாவது அஞ்சு பேடு. பஸ் லேட்டானா என்னன்னு அதை ரெட்டிப்பாக்கி பத்து. கறுப்பு டிராக் பேன்ட், மாற்று உள்ளாடை, ஜிப் கவர் ரெண்டு. கூட வர்ற டீச்சர் ஒருத்தருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும், சிதம்பரத்திலோ கடலூரிலோ வண்டியை நிறுத்தச் சொல்ற அதிகாரம் அவங்களுக்குத்தான் இருக்கு. வலிக்குதுன்னு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, ரத்தப்போக்கு கூடும். மணிக்கு ஒரு பேடு வீதம் தொடர்ந்து நனைஞ்சாலோ, தலை சுத்தினாலோ, ஆட்டத்தை விட்டுட்டு நேரா ஆஸ்பத்திரி.

ரத்தப் பரிசோதனை எழுதிக் கேட்கும்போது ஹீமோகுளோபினோட ஃபெரிட்டினையும் சேர்த்துக் கேளுங்க. சேமிப்பில் இருக்கிற இரும்பு முதலில் தீரும், ஹீமோகுளோபின் அதுக்கப்புறம்தான் இறங்கும். 12 இருக்கு, நார்மல்னு ரிப்போர்ட் வரும், பிள்ளை மூணாவது ரவுண்டிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துடுவா.